கத்திரி வெயிலில் ஒரு தேன்பெட்டி

மாசிக் கடைசியில் மார்த்தாண்டத்துக்காரர் ஒருவரிடம் ஒரு தேன்பெட்டி வாங்கி, மதுரைக்கு வடக்கே அழகர்மலையைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் வீட்டுக் கொல்லையில் வைத்தேன். எனக்குக் கிடைத்த தேனீ வளர்ப்புக் குறிப்புகள் பெரும்பாலும் மலையோரத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் எழுதியவை. நாற்பது டிகிரி அடிக்கிற ஊரில், வீட்டோடு ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு பங்குனி, சித்திரை, வைகாசியைத் தாண்டுவது வேறு வேலை. அதில் என்னென்ன செய்தேன், எது பலித்தது என்பதை எழுதி வைக்கிறேன். தேன் எடுத்தது கடைசியில் ஒரு சாயங்கால வேலைதான். மற்றதெல்லாம் வெயிலோடு மல்லுக்கட்டியது.

வாங்கியது இந்தியத் தேனீ. எங்கள் பக்கம் பொந்துத் தேனீ என்பார்கள், குமரிப் பக்கம் அடுக்குத் தேனீ. இத்தாலியத் தேனீ தேன் நிறையத் தரும் என்று ஆசை காட்டினார்கள். ஆனால் அதற்குச் சுற்றிலும் ஏக்கர் கணக்கில் பூ வேண்டும், பூ தீர்ந்தால் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். நாலு தென்னை, இரண்டு வேம்பு, ஒரு முருங்கை, வேலிக்கு வெளியே கருவேலங்காடு என்று இருக்கிற வீட்டுக்கு அது சரிப்படாது. இந்தியத் தேனீ கிடைத்ததை வைத்துப் பிழைக்கும். பிழைக்க வழியில்லை என்று தோன்றினால் ஒரு நாள் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் பறந்தும் போகும். கோடையில் நமக்கு இருக்கும் ஒரே பெரிய பயம் இதுதான்.

பெட்டி நியூட்டன் பெட்டி. 1911 முதல் 1917 வரை தென்னிந்தியாவில் பலருக்குத் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்த பாதிரியார் நியூட்டன், நம் ஊர்த் தேனீயின் அளவுக்கு ஏற்றபடி வடிவமைத்தது. கீழே புழு அறை, அதில் தேனீ அடை கட்டுகிற மரச் சட்டம் ஏழு. மேலே உயரம் குறைந்த தேன் அறை, அதிலும் ஏழு. ராணி கீழே முட்டையிட்டுக் குடும்பம் நடத்தும். மிஞ்சிய தேன் மேலே சேரும். உள்ளூர்த் தச்சரிடம் பெட்டி அடிப்பவர்கள் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கும் சந்து இடைவெளியை ஒழுங்காக அளந்து வாங்க வேண்டும். அது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும், அதாவது தேனீ நடந்து போகிற வழி. அதைவிட அகலமானால் அங்கேயும் அடை கட்டிவிடும், சட்டம் ஒன்றையும் உருவ முடியாது. 1851இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்பவர் இந்தச் சந்தின் கணக்கைப் பிடித்த பிறகுதான் அடையை உடைக்காமல் தேன் எடுக்கும் பெட்டியே சாத்தியமானது.

நிழலும் தண்ணீரும்

மொட்டை மாடியில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். மார்கழியில் வைக்கலாம். கோடையில் கூடாது. மெழுகு உருகுவதற்கு அறுபது டிகிரிக்கு மேல் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் நாற்பதைத் தொட்டாலே புது அடை தளதளவென்று ஆகிவிடும், அதில் தேன் கனமும் சேர்ந்தால் சட்டத்திலிருந்து கழன்று விழும். விழுந்த அடைக்குள் புழுவும் தேனும் நசுங்கி, எறும்பு வந்து, கூட்டம் ஓடிப்போகும். மொட்டை மாடித் தளத்தின் சூடு ராத்திரி பத்து மணி வரைக்கும் தணியாது.

நான் வைத்தது வேப்பமரத்தடியில், வாசல் கிழக்கே பார்த்தபடி. காலை வெயில் வாசலில் விழுந்தால் சீக்கிரம் வேலைக்குக் கிளம்பும். ஆனால் வேப்பமரம் பங்குனியில்தான் இலை உதிர்த்துத் துளிர்க்கிறது, நிழல் மிகவும் தேவைப்படும் நேரத்தில் பாதி மரம் மொட்டையாக நிற்கும். அதனால் மேற்குப் பக்கமும் தலைக்கு மேலும் தென்னங்கீற்றுத் தட்டி கட்டினேன். தட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி, காற்று போக. மேல்மூடியின் மேல் ஈரச் சாக்கு. அக்னி நட்சத்திர நாட்களில் பத்து மணிக்கு ஒருமுறை, ஒரு மணிக்கு ஒருமுறை சாக்கை நனைத்தேன். தண்ணீர் சொட்டி உள்ளே போகக்கூடாது, மேல்மூடியில் இருக்கும் காற்றுத் துளைகளையும் சாக்கு அடைக்கக்கூடாது. தகரம் அடித்த மேல்மூடியாக இருந்தால் அதன் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசிவிடுங்கள், தொட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

உள்ளே புழு வளர வேண்டிய சூடு முப்பத்துநாலு, முப்பத்தைந்து டிகிரி. வெளியே நாற்பது. ஆகவே கோடையில் தேனீக்கள் கூட்டைக் குளிர வைக்கப் பாடுபடும். தண்ணீரைக் கொண்டுவந்து அடையின் சிற்றறைகளின் விளிம்பில் பொட்டுப் பொட்டாக வைக்கும், அப்புறம் சிறகடித்துக் காற்று விடும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தானே. வாசலில் வரிசையாக நின்று விசிறுவதை உட்கார்ந்து பார்க்கலாம். நம் தேனீ தலையை வெளியே பார்த்து வைத்துக்கொண்டு காற்றை உள்ளே தள்ளும். இத்தாலியத் தேனீ திரும்பி நின்று உள்ளேயிருக்கும் காற்றை வெளியே இழுக்கும். இதைத் தெரிந்துகொண்டு வாசலைப் பார்த்தால் பொழுது போவதே தெரியாது. சாயங்காலம் கூட்டத்தில் பாதி வெளியே வந்து வாசலுக்குக் கீழே தாடி மாதிரி தொங்குவதும் புழுக்கத்தால்தான். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காலையிலும் அப்படியே தொங்கினால் மட்டும் உள்ளே இடம் போதவில்லை என்று அர்த்தம்.

தண்ணீர் விஷயம் இதைவிடப் பெரிது. பெட்டியிலிருந்து பதினைந்து அடி தள்ளி ஓர் அகலமான மண்தட்டில் கூழாங்கல்லும் தேங்காய் நாரும் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். கல் இல்லாமல் வைத்தால் விழுந்து சாகும். முதலில் வைத்தது குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீர். அவை அதை மதிக்கவேயில்லை. தேனீ தண்ணீரை வாசத்தை வைத்துக் கண்டுபிடிக்கும், உப்புச் சத்தும் அதற்கு வேண்டும். பாசி பிடித்த தொட்டி, சாணி ஈரம், துவைக்கிற கல்லடி என்று தேடிப் போவது அதனால்தான். இதற்குள் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "தம்பி, உங்க பூச்சியெல்லாம் எங்க தொட்டியிலதான் தண்ணி குடிக்குது. புள்ளைகளைக் குளிப்பாட்ட பயமா இருக்கு" என்றார். ஒரு தண்ணித் துறை பழகிவிட்டால் தேனீ அதை லேசில் மாற்றாது. அவர் தொட்டியைச் சில நாள் துணி போட்டு இறுக்கி மூடச் சொல்லி, என் தட்டில் கிணற்றுத் தண்ணீரும், ஒரு சிட்டிகை உப்பும், அதே தொட்டியிலிருந்து எடுத்த கொஞ்சம் பாசியும் போட்டேன். மெல்ல இந்தப் பக்கம் வந்தன. ஒரு நாள்கூடத் தட்டு காயக்கூடாது, காய்ந்தால் திரும்பவும் அங்கேதான் போகும். இதைக் கோடை தொடங்கும் முன்பே, அதாவது பெட்டி வந்த அன்றே செய்வது நல்லது.

பெட்டி நிற்கும் இரும்புத் தாங்கியின் நாலு காலும் நாலு கிண்ணத்தில் நிற்கின்றன, எறும்புக்காக. கோடையில் அந்தத் தண்ணீர் ஒரே நாளில் வற்றிப்போகும், வற்றாமல் வைத்தால் கொசு முட்டையிடும். தண்ணீரின் மேல் நாலு சொட்டு வேப்பெண்ணெய் விட்டால் கொசுவுக்கு ஆகும். இதையெல்லாம் செய்துவிட்டு, ஒரு வேப்பங்கொப்பு காற்றில் தாழ்ந்து பெட்டியைத் தொட்டுக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் விட்டால் எறும்புக்கு அதுவே பாலம்.

திறந்து பார்ப்பது

வாரம் ஒருமுறை, காலை எட்டு மணிக்குள். வெயில் ஏறிய பிறகு திறக்கவே மாட்டேன். அடை இளகியிருக்கும், பெட்டிக்குள் அவை பாடுபட்டுச் சேர்த்த குளிர்ச்சியும் போய்விடும். புகைப்பானில் தேங்காய் நார். இரண்டு ஊது போதும். இந்தியத் தேனீக்குப் புகை அதிகமானால் அமைதியாகாது, அடையை விட்டு ஓடி ஒரு மூலையில் குவியும். ராணியைத் தேடவும் முடியாது. சட்டத்தைத் தூக்கினால் நிற்க வைத்தபடியே திருப்பிப் பார்க்க வேண்டும். படுக்க வைத்தால் கோடை அடை மடங்கி விழும். வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் பெட்டிப் பக்கம் போக வேண்டாம். தேனீ கொட்டும்போது மற்றவற்றுக்குக் காட்டும் அபாய வாசனையில் இருக்கும் ஒரு பொருள் வாழைப்பழத்திலும் உண்டு. விளையாட்டாகச் சொல்லவில்லை.

நான் பார்ப்பது கொஞ்சம்தான். அடையின் சிற்றறைக்குள் அடியில் நூல் நுனி மாதிரி முட்டை நிற்கிறதா? நின்றால் மூன்று நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறாள், அவளைத் தேடி அலைய வேண்டியதில்லை. மூடிய புழுச் சிற்றறைகள் நெருக்கமாக இருக்கின்றனவா, ஓட்டை ஓட்டையாகவா? காலில் மகரந்தத்தோடு வருகின்றனவா? தென்னை இருக்கும் வீட்டில் வருஷம் முழுக்க ஏதோ கொஞ்சம் மகரந்தம் வரும். இந்த விஷயத்தில் தென்னை தெய்வம். புழுக்கள் அறைக்குள் நிமிர்ந்து, தோல் பையில் தண்ணீர் கட்டியது மாதிரி செத்துக் கிடந்தால் அது தாய்லாந்து சாக் புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ். 1991-92இல் தென்னிந்தியா முழுக்கப் பரவி இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது அதுதான். குமரிக்காரர்கள் இன்றைக்கும் அந்த வருஷங்களைப் பற்றிப் பேசும்போது குரல் இறங்கிவிடும். மருந்து கிடையாது. என் பெட்டியில் வரவில்லை.

வந்தது மெழுகு அந்துப்பூச்சி. இந்தியத் தேனீ பழைய அடையைக் கடித்துக் கடித்துக் கீழே போடும் பழக்கம் உள்ளது. அந்தத் தூள் அடிப்பலகையில் சேர்ந்தால் அந்து அதில் முட்டையிடும், புழு மேலே ஏறி அடைக்குள் வெள்ளை நூலாம்படையோடு சுரங்கம் போடும். ஓரச் சட்டம் ஒன்றில் அப்படிச் சுரங்கம் கண்டதும் அந்த அடையை வெட்டி எடுத்துக் கொதிநீரில் போட்டேன். அதிலிருந்து வாரம்தோறும் அடிப்பலகையைத் துடைப்பதும், தேனீ மூடாத கறுத்த அடையை எடுத்துவிடுவதும் வழக்கமாயிற்று. கூட்டம் பலமாக இருந்தால் அந்துவை அதுவே விரட்டும். நம் வேலை அதற்குத் தேவையில்லாத இடத்தைக் குறைத்துக் கொடுப்பது.

குளவி வந்த நாளை மறக்க முடியாது. பெரிய கதண்டு ஒன்று வாசலுக்கு முன்னால் அந்தரத்தில் நின்று, வருகிற தேனீயை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போனது. வாசலில் இருந்த தேனீக்கள் ஒரே நேரத்தில் உடம்பை உலுக்கின, அலை அடிப்பது மாதிரி. கதண்டு கொஞ்சம் கிட்டே வந்ததும் ஒரு பெருங்கூட்டமே ஒன்றாகப் பாய்ந்து அதை உருண்டையாக மூடிக்கொண்டன. கொட்டுவதில்லை. உடம்புத் தசையை அதிரவிட்டுச் சூட்டைக் கிளப்பும். உருண்டைக்குள் வெப்பம் நாற்பத்தைந்து டிகிரிக்கு மேல் போகும், கதண்டு தாங்காது, தேனீ தாங்கும். கொஞ்ச நேரம் கழித்து உருண்டை பிரிந்தபோது கதண்டு செத்துக் கிடந்தது. பஞ்சுருட்டானுக்கு இப்படி மருந்து இல்லை. மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்து தின்னும். ஒரு பெட்டிக்கு அது பெரிய நஷ்டம் இல்லை என்று விட்டுவிட்டேன். பார்க்கவும் அழகான குருவி.

தெருவில் கொசு மருந்துப் புகை அடிக்கிற நாள்தான் கஷ்டம். சொல்லாமல் வருவார்கள். பொழுது சாய்ந்த பிறகு அடித்தால் வாசலைக் கம்பி வலையால் அடைத்து, பெட்டியைச் சுற்றி ஈரத் துணி கட்டி, புகை அடங்கியதும் எடுத்துவிடலாம். பகலில் அடித்தால் ஒன்றும் செய்ய முடியாது. வெளியே போன தேனீ போனதுதான். பக்கத்துக் கத்தரித் தோட்டக்காரர் நல்ல மனிதர், மருந்து அடிக்கிற நாளை முதல் நாளே சொல்லிவிடுவார். சாயங்காலத்தில் அடிக்கவும் சம்மதித்தார்.

தேன் அறையைப் பங்குனி நடுவில் ஏற்றினேன், கீழே ஆறு சட்டத்தைத் தேனீ நன்றாக மூடிய பிறகு. அதற்கு முன்னால் ஏற்றினால் வெற்றிடத்தைக் குளிர வைக்கிற வேலையும் சேரும். ராணித் தடுப்புத் தகடு போடவில்லை. சின்னப் பெட்டியில் ராணி மேலே ஏறுவது அபூர்வம், ஏறினால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். வேம்பு பூத்தது, புங்கன் பூத்தது, வேலிக்கருவேல் எப்போதும் போல. அந்த முள்மரத்தைத் திட்டாத ஆள் ஊரில் இல்லை. வறண்ட நாளில் தேனீக்குச் சோறு போடுவது அதுதான் என்பதால் நான் கொஞ்சம் அடக்கித் திட்டுகிறேன்.

சித்திரை நடுவில் ஒரு கோடை மழை. இடி, காற்று, ஒரு மணி நேரக் கொட்டல். ஊரே குளிர்ந்தது, தேனீக்கு மட்டும் நஷ்டம். பூவிலிருந்த மதுவைக் கழுவிவிட்டது, வேப்பம்பூ பாதி தரையில். அடுத்த இரண்டு மூன்று நாள் கூட்டம் எரிச்சலாக இருந்தது, வாசலுக்கு நேரே நின்றாலே முகத்துக்கு வந்தன. மேல் அறையில் தேன் பாதிதான் இருந்தது. சர்க்கரைப் பாகு வைக்கலாமா என்று பெட்டி கொடுத்த அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "தேன் அறை மேல இருக்கும்போது பாகு வைக்காண்டாம் தம்பி. வச்சா நீங்க எடுக்கது தேன் இல்ல, நீங்க வச்ச சீனியத்தான் திருப்பி எடுப்பீங்க. கீழ் அறையில தேன் இருக்கான்னு மட்டும் பாருங்க. இருந்தா சும்மா விடுங்க" என்றார். கீழே இருந்தது. சும்மா விட்டேன். நாலாம் நாள் புங்கனுக்குப் போக ஆரம்பித்தன.

தேன் எடுப்பு

எல்லாரும் கேட்பது எப்போது எடுப்பது என்றுதான். தேதி கிடையாது. அடையில் முக்கால்வாசி அறைகளையாவது தேனீ வெள்ளை மெழுகால் மூடியிருக்க வேண்டும். பூவிலிருந்து வரும்போது மதுவில் பெரும்பகுதி தண்ணீர். அதை வாயில் வாங்கி, பரப்பி, விசிறி, வற்றவைத்து, போதும் என்று தோன்றியபோதுதான் மூடும். மூடாத அறையில் இருப்பது இன்னும் தேனாகவில்லை. சட்டத்தை லேசாகக் கீழ்நோக்கி உதறினால் துளி சிந்துகிறதா, அப்படியானால் மூடிவிட்டுப் போய்விட வேண்டும். வீட்டுக்கு வந்தவர்கள் ஆசைப்படுகிறார்கள் என்பதற்காக எடுத்த தேன் ஒரு மாதத்தில் நுரைத்துப் புளிக்கும்.

சித்திரைக் கடைசியில் ஏழில் ஐந்து சட்டம் தயாராக இருந்தது. நத்தம் பக்கம் இத்தாலியத் தேனீ வளர்க்கும் நண்பரிடம் கையால் சுற்றும் தேன் எடுக்கும் இயந்திரத்தை வாங்கி வந்தேன். ஒரு பெட்டிக்காரன் சொந்தமாக வாங்க வேண்டிய பொருள் இல்லை அது, வருஷத்தில் இரண்டு நாள் சுற்றுவோம். அவருடைய இயந்திரத்தின் கூண்டு பெரிய சட்டத்துக்கானது. நம் தேன் அறைச் சட்டம் சின்னது, நிற்காமல் சரியும். இரண்டிரண்டாக ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சணலால் கட்டியதும் சரியாக உட்கார்ந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பம். வெளிர் நிறச் சட்டை, முகவலை, பேண்ட் காலைச் சாக்ஸுக்குள் சொருகியாயிற்று. சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, ஒட்டியிருந்த தேனீக்களைக் கோழி இறகால் மெதுவாகக் கீழே தள்ளி, மூடி போட்ட எவர்சில்வர் தூக்குச்சட்டிக்குள் வைத்தேன். புழு அறையைத் தொடவில்லை. அங்கேயும் மேல் ஓரத்தில் வளைவாகத் தேன் இருக்கும், கை பரபரக்கும். அது அவற்றின் மழைக்கால அரிசி. அதை எடுத்துவிட்டு ஆடி மாதம் சர்க்கரை வாங்கிப் போடுவது என்ன கணக்கு?

விரலில் ஒரு கொட்டு. கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுத்தேன். விஷப் பை அதோடு ஒட்டியிருந்து கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டே விஷத்தை இறக்கும், அதனால் எப்படி எடுப்பது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுப்பது என்பதுதான் முக்கியம். கொட்டிய இடம் வீங்கினால் பரவாயில்லை. மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு, தலைசுற்றல் என்றால் சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரி. வீட்டில் யாருக்காவது அப்படி முன்பு வந்திருந்தால் பெட்டியே வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

அடுப்படியில் சன்னல், கதவு எல்லாம் சாத்தியாக வேண்டும். தேன் வாசம் வெளியே போனால் கூட்டமே வீட்டுக்குள் வந்துவிடும். விசிறி கூடப் போடாமல் அந்தப் புழுக்கத்தில் நின்று வேலை பார்த்தோம். நீளக் கத்தியை வெந்நீரில் முக்கி, துணியால் ஈரம் போகத் துடைத்து, மெழுகு மூடியைச் சீவ வேண்டும். துடைக்காமல் சீவினால் தேனில் நாமே தண்ணீர் சேர்க்கிறோம். அப்புறம் இயந்திரத்தில் வைத்துச் சுற்றுவது. முதலில் மெதுவாக, ஒரு பக்கம் பாதி வந்ததும் சட்டத்தைத் திருப்பி மறுபக்கம் முழுசாக, பிறகு மீண்டும் முதல் பக்கம். ஒரே பக்கத்தை எடுத்த எடுப்பில் வேகமாகச் சுற்றினால் மறுபக்கத் தேனின் கனம் அடையைக் கிழித்துவிடும். தேன் தகரத்தில் படபடவென்று மழை போலத் தெறிக்கும் சத்தம் கேட்டது. அம்மா அதற்காகவே இன்னொரு முறை சுற்றச் சொன்னார்.

முழுதாக மூடிய மூன்று சட்டத்தின் தேனைத் தனியாகவும், பாதி ஓரம் மூடாத இரண்டைத் தனியாகவும் பிடித்தேன். காரணம் ஈரப்பதம். நம் நாட்டு உணவுத் தரவிதி தேனில் பொதுவாக 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் இருக்கக்கூடாது என்கிறது. இந்தியத் தேனீயின் தேன் இயல்பாகவே அந்தக் கோட்டைச் சுற்றித்தான் நிற்கும், மழை நாளில் தாண்டும். நண்பரிடம் இருந்த ஈரப்பதமானியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்ததில் முதல் பாத்திரம் 19, இரண்டாவது 22. வியாபாரம் செய்கிறவர்கள் தேன் பாத்திரத்தைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கிச் சூடாக்கி நீரைக் குறைப்பார்கள். வீட்டுத் தேனுக்கு அது வேண்டியதில்லை. 22 சதவீதத் தேனைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து முதலில் தின்று தீர்த்தோம். பிரச்சினை முடிந்தது.

தேன் எடுத்த அடைகளை அன்று பொழுது சாய்ந்ததும் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். கட்டிய அடை திரும்பக் கிடைப்பதுதான் அவற்றுக்கு நாம் தரும் பெரிய கூலி. மெழுகு சுரக்க அவை பல மடங்கு தேனைத் தின்றாக வேண்டும். மரப்பொந்தில் கூடு வெட்டி அடையைக் கையால் பிழிந்து தேன் எடுக்கிற முறையில் அந்த அடையும் போச்சு, புழுவும் மகரந்தமும் சேர்ந்து நசுங்கித் தேனும் கெட்டது. இயந்திரம் கிடைக்காதவர்கள் மூடிய தேனடையை மட்டும் வெட்டி, துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தானாகச் சொட்ட விடலாம். மதுரைக் கோடையில் ஒரே ராத்திரியில் வடிந்துவிடும்.

மெல்லிய துணியில் வடிகட்டி, மூடி போட்டு மூன்று நாள் அசையாமல் வைத்ததில் நுரையும் மெழுகுத் தூளும் மேலே வந்தன. வழித்து எடுத்துவிட்டுக் கழுத்து வரை நிரப்பிப் பாட்டிலில் ஊற்றினேன். காலியிடம் விட்டால் தேன் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மொத்தம் ஒன்றேகால் கிலோ. தேன் கனமான பொருள், ஒரு லிட்டர் பாட்டிலில் ஒரு கிலோ நானூறு கிராம் பிடிக்கும். ஆகவே ஒரு லிட்டர்கூட முழுசாக இல்லை. இந்தப் பக்கத்துக் கோடைக்கு, முதல் வருஷப் பெட்டிக்கு, இது நல்ல விளைச்சல் என்றார் அண்ணாச்சி. அவர் ஊரில் மாசி, பங்குனியில் ரப்பர் இலை உதிர்ந்து துளிர்க்கும்போது இலைக்காம்பிலேயே மது சுரக்கும், பூவே தேவையில்லை. அந்தக் கணக்கோடு நம் கணக்கை ஒப்பிட்டு வயிறு எரியக்கூடாது.

எடுத்த பிறகு

முதல் பாட்டில் தொட்டி அக்காவுக்கு. அவர் வீட்டு அண்ணன் ஒரு தீக்குச்சியைத் தேனில் முக்கி உரசிப் பார்த்தார், பற்றியது, "ஒரிஜினல்தான்" என்றார். பற்றாமல் போயிருந்தாலும் ஒரிஜினல்தான். தீக்குச்சி, தண்ணீரில் விடும் சொட்டு, நாய் மோந்து பார்ப்பது, இவை எதுவும் கலப்படத்தைக் காட்டாது. கெட்டியான அரிசிப் பாகு இந்தச் சோதனையெல்லாம் பாஸ் செய்யும், கொஞ்சம் நீர்த்த நல்ல தேன் தோற்கும். அடியில் சர்க்கரை மாதிரி உறைவதும் கலப்படத்தின் அடையாளம் இல்லை. தேனில் குளுக்கோஸ் அதிகமானால் உறையும், பதினாலு டிகிரிச் சூட்டில் வேகமாக உறையும். பாட்டிலைக் கை பொறுக்கும் வெந்நீரில் நிறுத்தினால் இளகிவிடும். அடுப்பில் நேரடியாக வைக்கக்கூடாது.

சொந்தத்தில் ஒருவர், பேரன் பிறந்திருக்கிறான், நாக்கில் சேனை வைக்க நம் வீட்டுத் தேன் கொடு என்று கேட்டு வந்தார். கொடுக்கவில்லை. எவ்வளவு சுத்தமான தேனிலும் பாட்டுலிசம் நோய்க் கிருமியின் வித்து இருக்கலாம். நமக்கு ஒன்றும் செய்யாது, ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் அது முளைத்து விஷம் சுரக்கும். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. முதல் பிறந்தநாளுக்கு ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். நிஜமாகவே எடுத்து வைத்திருக்கிறேன்.

சீவிய மெழுகு மூடிகளைத் தண்ணீரோடு காய்ச்சித் துணியில் வடித்து ஆறவிட்டால் மெழுகு மேலே தட்டாக மிதக்கும். எனக்குக் கிடைத்தது ஓர் எலுமிச்சை அளவுதான். அதை உருக்கிப் புதுச் சட்டங்களின் மேல்கட்டையில் ஒரு கோடாகத் தடவி வைத்தேன், அந்தக் கோட்டைப் பிடித்து நேராக அடை கட்டும்.

வைகாசி முடிந்ததும் வேம்பும் புங்கனும் காயாகிவிட்டன. மேல் அறைக்குத் தேன் வரத்து நின்றது, வாசலில் மகரந்தமும் குறைந்தது. கூட்டம் ஓடிப்போக யோசிக்கும் காலம் இது. தேன் அறையை இறக்கினேன், தேனீ மூடாத ஓரச் சட்டம் இரண்டையும் எடுத்தேன். ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, சின்னப் பாட்டிலின் வாயில் துணி கட்டி, உள்மூடித் துளையில் கவிழ்த்து வைத்தேன். பொழுது சாய்ந்த பிறகு மட்டும். பகலில் வைத்தால் எறும்பும் பக்கத்துக் காட்டுத் தேனீயும் கொள்ளையடிக்க வரும். வாசலையும் பாதியாகக் குறைத்தேன். முட்டை இருக்கிறது, ராணி வேலையை விடவில்லை.

இறக்கிய தேனடைச் சட்டங்களை அந்துக்குக் கொடுக்கக்கூடாது. நியூட்டன் தேன் அறைச் சட்டம் சின்னது என்பதால் வீட்டு உறைபெட்டியிலேயே அடங்கும். இரண்டு நாள் அதில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத அந்து முட்டையும் செத்துவிடும். அப்புறம் ஈரம் காயவிட்டு, செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, பரணில் வைத்தாயிற்று. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து முருங்கையும் மாவும் பூக்கும்போது கீழ் அறை நிறைந்திருந்தால் இந்த அடைகளையே மேலே ஏற்றலாம். கட்டுகிற வேலை அவற்றுக்கு மிச்சம். அதுவரை மாடிப்படிக்குக் கீழே பத்து கிலோ சர்க்கரை மூட்டை ஒன்று இருக்கிறது. எறும்பு அதைக் கண்டுபிடித்துவிட்டதால் அதன் நாலு பக்கமும் இப்போது கிண்ணம்.